மண் குவளையும் தோல் பந்தும்: பல்வங்கர் பாலூவை எப்படி மதிப்பிடுவது?

நீண்ட காலம் ஆடிய ஆட்டக்காரர் ஒருவர் விலகும்போது ரசிகர்கள் கட்சி பிரிந்து நிற்பது எல்லா ஊரிலும் உள்ளதுதான். கால்பந்தோ கபடியோ கிரிக்கெட்டோ, பேச்சு ஒரே மாதிரிதான் போகும். ஒருவர் எத்தனை கோல், எத்தனை விக்கெட் என்று கணக்குச் சொல்வார். இன்னொருவர், "அவ்வளவு எடுத்தவரை ஏனுங்க கேப்டன் ஆக்கலை?" என்பார். மூன்றாமவர் டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, "ஆடினதெல்லாம் சரி, அப்புறம் போய் எந்தப் பக்கம் நின்னாரு பாத்தீங்களா?" என்று கேட்டு எல்லாரையும் வாயடைக்க வைப்பார். சின்னப்பம்பட்டி நடராஜனை இந்தத் தொடருக்கு ஏன் எடுக்கவில்லை என்று நம் டீக்கடைகளில் நடக்கும் வழக்கைக் கேட்டவர்களுக்கு இந்தச் சூடு தெரியும்.

இந்த மூன்று கேள்விகளும் ஒரே மனிதர் மீது நூறு ஆண்டுகளாக நிற்கின்றன. அவர் பெயர் பல்வங்கர் பாலூ. இந்தியக் கிரிக்கெட்டின் முதல் பெரிய பந்துவீச்சாளர். மகாராஷ்டிரத்துத் தோல் தொழிலாளர் சாதியான சமார் குடும்பத்தில் பிறந்தவர். இந்துக்கள் அணிக்காகக் கால் நூற்றாண்டு பந்து வீசி, ஒருமுறைகூட அதன் கேப்டனாக அறிவிக்கப்படாமலே 1920ல் விலகியவர். நம் பாடப் புத்தகங்களில் அவரைக் காண்பது அரிது. ஆனால் ராசிபுரத்திலும் ஆத்தூரிலும் வாக்களிக்கும் ஒவ்வொருவருக்கும் அவரோடு ஒரு தொடர்பு உண்டு. அதைப் பிறகு சொல்கிறோம்.

1870களின் நடுவில் தார்வாடில் பிறந்தவர் பாலூ. குடும்பம் ராணுவத்தைச் சார்ந்து பிழைத்தது. அப்படித்தான் புனே வந்து சேர்ந்தது. வெள்ளைச் சிப்பாய்கள் விட்டுப்போன மட்டையையும் பந்தையும் வைத்துப் பாலூவும் தம்பி சிவராமும் ஆடக் கற்றார்கள். பிறகு பாலூவுக்குப் பார்சிகளின் கிரிக்கெட் கிளப்பில் வேலை கிடைத்தது. ஆடுவதற்கு அல்ல, பிட்ச்சைப் பெருக்கி உருளை உருட்டுவதற்கு. சம்பளம் மாதம் 3 ரூபாய். 1892 வாக்கில் ஐரோப்பியரின் பூனா கிளப்புக்குப் போனார். அங்கே 4 ரூபாய். வலை கட்டுவது, கோடு போடுவது, தரையைச் சமன் செய்வது அவர் பொறுப்பு. ஓய்ந்த நேரத்தில் வெள்ளை அதிகாரிகள் பயிற்சி எடுக்கப் பந்து போட்டுக் கொடுக்க வேண்டும்.

அங்கே ஜே. ஜி. கிரேக் என்ற ராணுவ அதிகாரி இருந்தார். அக்காலத்து நல்ல மட்டையாளர்களில் ஒருவர். தினமும் மற்றவர்களுக்கு முன்பாகவே வந்து பாலூவைப் பந்து போடச் சொல்வார். தன்னை அவுட் ஆக்கினால் ஒவ்வொரு தடவைக்கும் எட்டணா கொடுப்பார் என்று ஒரு கதை உண்டு. கதை எப்படியோ, நூற்றுக்கணக்கான மணி நேரம் அந்த வலையில் வீசியே பாலூ தன் இடது கைச் சுழலைப் பழுக்க வைத்தார். இரண்டு பக்கமும் திரும்பும் பந்து, வேகத்தை மாற்றும் பந்து, எல்லாம் அங்கே கற்றதுதான். ஆனால் அத்தனை நாளிலும் அவர் கையில் ஒருவரும் மட்டையைக் கொடுத்ததில்லை. மட்டை துரைமாருக்கு, பந்து வேலைக்காரனுக்கு. உழுகிறவன் ஒருவன், அறுத்து வீட்டுக்குக் கொண்டுபோகிறவன் வேறொருவன் என்று வாழ்ந்த நம் பக்கத்துப் பண்ணையாட்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

புனே இந்துக்கள் அணிக்கு வெள்ளையரை வெல்ல வேண்டிய ஆசை வந்தபோது பிரச்சினை எழுந்தது. பாலூவைச் சேர்த்தால் வெல்லலாம். சேர்த்தால் தீட்டு. அணிக்குள் வாக்குவாதம் நடந்தது. பாலூவை விட்டால் நஷ்டம் உங்களுக்குத்தான் என்ற பொருளில் கிரேக்கே பத்திரிகையில் பேசினார். கடைசியில் சேர்த்துக்கொண்டார்கள். எப்படிச் சேர்த்தார்கள் என்பதுதான் முக்கியம்.

மைதானத்துக்குள் ஒரே பந்து. பாலூ தொட்ட பந்தைப் பிராமண ஆட்டக்காரர் பிடிப்பார், திருப்பி எறிவார், துணியில் துடைப்பார், தீட்டில்லை. தேநீர் இடைவேளை வந்தால் அவர்கள் பெவிலியனுக்குள் பீங்கான் கோப்பையில் குடிப்பார்கள். பாலூவுக்கு வெளியே, குடித்ததும் எறிந்துவிடும் மண் குவளையில். சாப்பாட்டுக்குத் தனித் தட்டு, தனி இடம். முகம் கழுவ வேண்டுமானால் இன்னொரு தலித் பணியாள்தான் தண்ணீர் கொண்டுவர வேண்டும். தோலை உரித்துப் பதப்படுத்தித் தைப்பவன் தீண்டத்தகாதவன். அந்தத் தோலில் செய்த பந்து மட்டும் எல்லார் கையிலும் புழங்கலாம். டீக்கடையில் தனிக்குவளை, கொட்டாங்குச்சி என்று கேட்டும் பார்த்தும் வளர்ந்த சேலம், நாமக்கல் மக்களுக்கு, குறிப்பாகத் தோல் தொழிலோடு பெயர் கட்டப்பட்ட அருந்ததியர் மக்களுக்கு, இது மகாராஷ்டிரத்துக் கதையாகத் தோன்றாது.

சதாராவில் வெள்ளையர் கிளப்பை இந்துக்கள் வீழ்த்தினார்கள். வெற்றிக்குக் காரணம் பாலூவின் விக்கெட்டுகள். அதற்குப் பிறகு நீதிபதி மகாதேவ் கோவிந்த் ரானடே பாலூவுக்கு மாலையிட்டு, சேர்ந்து ஆடத் தெரிந்தவர்களுக்குச் சேர்ந்து உண்ணத் தெரியாதா என்று அணியினரைக் கடிந்துகொண்டார். பிளேக் நோய்க் காலத்தில் பாலூவின் குடும்பம் பம்பாய்க்குப் பெயர்ந்தது. அங்கே ரயில்வேயில் வேலை. இந்து ஜிம்கானா அணியில் இடம். 1906ல் பம்பாயில் இந்துக்கள் ஐரோப்பியரை 109 ரன் வித்தியாசத்தில் வென்றார்கள். அடுத்த ஆண்டு மறுபடியும் வென்றார்கள். அந்த வெற்றிகளை நாடே கொண்டாடியது. ஜப்பான் ரஷ்யாவை வென்றிருந்த காலம் அது. ஆசியர் வெள்ளையரை வீழ்த்தியது பெரிய செய்தியாக இருந்தது. அந்த வெற்றிகளில் பாலூவின் விரல்கள் இருந்தன.

1911ல் அகில இந்திய அணி முதன்முதலாக இங்கிலாந்து போனது. கேப்டன் பாட்டியாலா மகாராஜா பூபிந்தர் சிங். அரசர் சில ஆட்டங்களில் மட்டுமே தலைகாட்டினார். மற்ற நாளெல்லாம் விருந்தும் அரசவை மரியாதையுமாகப் போயிற்று. அணி 23 ஆட்டங்களில் 15ல் தோற்றது. தோற்ற அணியில் பாலூ ஒருவர் மட்டும் 114 விக்கெட் எடுத்தார். சராசரி 18.84. அப்போது அவருக்கு முப்பத்தைந்து வயதை ஒட்டி இருக்கும். தோள்பட்டை வலி வேறு. ஊர் திரும்பியபோது பம்பாயின் ஒடுக்கப்பட்ட மக்கள் கூடி வரவேற்றார்கள். அவரைக் கண்டு பெருமைப்பட்டவர்களில் இளைஞர் பீமராவ் அம்பேத்கரும் ஒருவர். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

முதல் கேள்விக்கு, அதாவது கணக்குக்கு, இது போதும். முதல்தர ஆட்டங்கள் 33, விக்கெட் 179, சராசரி 15.21. வாதத்துக்கு இடமில்லை.

இரண்டாவது கேள்விதான் கசப்பானது. ஐரோப்பியர், பார்சிகள், இந்துக்கள், முஸ்லிம்கள் என்று மதவாரியாக அணி பிரித்து ஆடிய நாற்கோணப் போட்டி 1912 முதல் பம்பாயின் பெரிய திருவிழா. ஒவ்வோர் ஆண்டும் இந்துக்கள் அணிக்குக் கேப்டன் தேர்வு நடக்கும். ஒவ்வோர் ஆண்டும் மூத்தவரும் சிறந்தவருமான பாலூவைத் தாண்டிப் போய்விடும். 1913ல் கேப்டனான எம். டி. பாய் மேடையிலேயே, இந்தப் பெருமை பாலூவுக்கு உரியது என்று சொன்னார். சொன்னார், ஆனால் பதவியை ஏற்றுக்கொண்டார். நல்ல மனிதர்கள் பலரும் இந்த இடத்தில் நின்றுவிடுவார்கள் என்பதை நாம் குறித்துக்கொள்ள வேண்டும்.

1920ல் வெடித்தது. பாய் உடல்நலமில்லாமல் முதல் ஆட்டத்துக்கு வர முடியவில்லை. அப்போதாவது பாலூவை அழைப்பார்கள் என்று பலர் நினைத்தார்கள். தேர்வுக் குழுவோ வேறொருவரைக் கேப்டனாக்கி, பாலூவை அணியிலிருந்தே நீக்கியது. அன்று இந்துக்களின் நம்பகமான ஆட்டக்காரர்களாக இருந்தவர்கள் பாலூவின் தம்பிகள் சிவராமும் விட்டலும். இருவரும் ஆட மறுத்து வெளியேறினார்கள். சாதிக்காக அண்ணனை ஒதுக்கிய அணியில் நாங்கள் ஆட மாட்டோம் என்று பத்திரிகையிலும் எழுதினார்கள். ஊர் இரண்டுபட்டது. ஆட்டத்தில் அரசியலைக் கொண்டுவருகிறார்கள் என்று ஒரு பக்கம். இத்தனை நாள் நடந்தது அரசியல் இல்லையா என்று மறுபக்கம்.

இறுதி ஆட்டத்துக்குள் குழு இறங்கி வந்தது. பாய் திரும்பக் கேப்டன், பாலூ துணைக் கேப்டன், தம்பிகள் அணியில். ஆட்டத்தின் நடுவே பாய் வேண்டுமென்றே மைதானத்தை விட்டு வெளியே போனார். அந்தச் சிறிது நேரம் பாலூ இந்துக்கள் அணியை நடத்தினார். கால் நூற்றாண்டு உழைப்புக்குக் கிடைத்தது அந்தச் சிறிது நேரம். அத்துடன் அவரது பெரிய ஆட்ட வாழ்க்கை முடிந்தது.

மூன்று ஆண்டு கழித்து, 1923ல், தம்பி விட்டல் இந்துக்கள் அணியின் கேப்டன் ஆனார். அந்த ஆண்டு இந்துக்கள் கோப்பையை வென்றார்கள். 1925, 1926லும் வென்றார்கள். காந்தியடிகள் தீண்டாமை ஒழிப்பைக் காங்கிரசின் வேலையாக்கியதால் மனம் மாறிய இந்துக்கள் விட்டலைக் கேப்டனாக்கினார்கள் என்று ஒரு விளக்கம் உண்டு. அதில் உண்மை இல்லாமல் இல்லை. ஆனால் நாம் கணக்கைச் சரியாகப் போட வேண்டும். ரானடே கடிந்துகொண்டபோது மாறவில்லை. 1906 வெற்றியில் மாறவில்லை. 114 விக்கெட்டில் மாறவில்லை. பாய் மேடையில் சொன்னபோதும் மாறவில்லை. இரண்டு தம்பிகள் மட்டையைக் கீழே வைத்த அந்த வாரத்தில்தான் குழு அசைந்தது. திறமை இருந்தால் சாதி தானாகக் கரையும் என்று நம் கல்லூரிப் பிள்ளைகளுக்குச் சொல்லப்படுகிறது. பாலூவைவிடத் திறமை காட்டியவர் யார்?

இனி மூன்றாவது கேள்வி. டீக்கடையில் எல்லாரையும் வாயடைக்க வைத்த கேள்வி.

1932 ஆகஸ்டில் பிரிட்டிஷ் அரசு ஒடுக்கப்பட்ட மக்களுக்குத் தனி வாக்காளர் தொகுதி அறிவித்தது. தலித் வாக்காளர்கள் மட்டுமே தங்கள் பிரதிநிதியைத் தேர்ந்தெடுக்கும் ஏற்பாடு அது. அம்பேத்கர் வட்டமேசை மாநாட்டில் போராடிப் பெற்றது. அதை எதிர்த்து காந்தியடிகள் செப்டம்பர் 20 அன்று எரவாடா சிறையில் உண்ணாவிரதம் தொடங்கினார். நான்கு நாளில், செப்டம்பர் 24ல், பூனா ஒப்பந்தம் கையெழுத்தானது. தனித்தொகுதி போய், பொது வாக்காளர் தேர்ந்தெடுக்கும் இடஒதுக்கீட்டுத் தொகுதி வந்தது. 71 ஆக இருந்த மாகாண இடங்கள் 148 ஆயின. சென்னை மாகாணத்துக்கு மட்டும் 30. அந்தக் காகிதத்தில் அம்பேத்கர் கையெழுத்து இருக்கிறது. இரட்டைமலை சீனிவாசன், எம். சி. ராஜா கையெழுத்துகள் இருக்கின்றன. சேலம் நகராட்சித் தலைவராக இருந்தவரும், 1925ல் திருச்செங்கோட்டை அடுத்த புதுப்பாளையத்தில் காந்தி ஆசிரமம் தொடங்கியவருமான ராஜாஜியின் கையெழுத்து இருக்கிறது. பாலூவின் கையெழுத்தும் இருக்கிறது.

முதலில் சொன்ன தொடர்பு இதுதான். இன்று ராசிபுரம், ஆத்தூர், கெங்கவல்லி தொகுதிகளில் தலித் வேட்பாளர்தான் நிற்கலாம், ஆனால் எல்லாச் சாதியினரும் வாக்களிக்கிறோம். அந்த முறையின் வேர் அந்தக் காகிதம்.

பாலூ அழுத்தத்துக்குப் பணிந்து கையெழுத்திடவில்லை. எம். சி. ராஜாவைப் போல அவரும் பொது வாக்காளர் முறையை மனமார விரும்பினார். இந்து சமூகத்துக்குள் இருந்துகொண்டே உரிமை பெறலாம் என்று நம்பினார். 1933ல் இந்து மகாசபை வேட்பாளராகப் பம்பாய் நகராட்சித் தேர்தலில் நின்று தோற்றார். 1935ல் இயோலாவில் அம்பேத்கர், இந்துவாகச் சாக மாட்டேன் என்று அறிவித்தபோது அதை எதிர்த்தார். 1937 சட்டமன்றத் தேர்தலில், பம்பாயில் அம்பேத்கருக்கு எதிராகக் காங்கிரஸ் நிறுத்திய ஆள் பாலூதான். அம்பேத்கர் 13,245 வாக்குகள். பாலூ 11,225. வித்தியாசம் 2,020.

தலித் இளைஞர்கள் பலர் இந்த இடத்தில் பாலூவைக் கைகழுவிவிடுவார்கள். தன்னைப் போற்றிய அம்பேத்கருக்கு எதிராக, தனக்கு மண் குவளை கொடுத்தவர்கள் பக்கம் நின்றாரே என்ற கோபம் நியாயமானது. இன்னொரு தரப்பு, அந்தத் தேர்தலில் மகர் வாக்கு ஒரு பக்கம், சமார் வாக்கு மறுபக்கம் என்று பிரிந்ததை எடுத்துக்காட்டி, எண்ணிக்கையில் சிறிய சாதிக்கும் தன் தலைவர் வேண்டாமா என்று கேட்கிறது. 2009ல் தமிழ்நாட்டில் அருந்ததியருக்கு 3 சதவீத உள்ஒதுக்கீடு வந்தபோதும், 2024 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் உட்பிரிவு செல்லும் என்று தீர்ப்பளித்தபோதும் நம் மாவட்டங்களில் கேட்ட குரல்களோடு இதை வைத்துப் பார்த்தால் எதுவும் அந்நியமாக இல்லை. ஒடுக்கப்பட்டோருக்குள்ளேயே யார் யாருக்காகப் பேசுவது என்பது பழைய வழக்கு. அதைப் பேசவே கூடாது என்று மூடி வைத்தால், காங்கிரஸ் 1937ல் செய்ததைப் போல வேறு யாராவது அதைத் தங்கள் தேவைக்கு எடுத்துக்கொள்வார்கள்.

எங்கள் பார்வையில் பாலூ துரோகி அல்ல. அம்பேத்கரின் கணிப்புதான் சரியாக இருந்தது என்பதும் மறைக்க வேண்டியதில்லை. பாலூ வாழ்நாள் முழுதும் ஒரே ஒரு கதவைப் பார்த்தார். பந்து வீசி அதைக் கொஞ்சம் திறந்தார். இன்னும் தள்ளினால் இன்னும் திறக்கும் என்று நினைத்தார். அந்தக் கதவு ஆட்டத்தில் வெல்ல வேண்டிய நாளில் மட்டுமே திறக்கிறது, இடைவேளையில் மூடிவிடுகிறது என்பதை அம்பேத்கர் பார்த்தார். பொது வாக்காளர் முறையில் தலித் பிரதிநிதி தன் மக்களைவிட மற்றவர்களின் வாக்கையே நம்பி நிற்க வேண்டிவரும் என்று அவர் எச்சரித்தார். இடஒதுக்கீட்டுத் தொகுதி ஒன்றில் வேட்பாளர் தேர்வு எப்படி நடக்கிறது, எந்தத் தெருவுக்கு முதலில் வாக்குக் கேட்கப் போகிறார்கள் என்பதைக் கவனித்தவர்கள் அந்த எச்சரிக்கை பொய்த்ததா என்று தாங்களே சொல்லட்டும்.

பாலூவின் கூட்டாளி எம். சி. ராஜாவுக்கு நேர்ந்ததையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். 1938ல் அவர் சென்னை மாகாணச் சட்டமன்றத்தில் ஆலய நுழைவு மசோதா கொண்டுவந்தார். மாகாணத்தின் முதல் அமைச்சர் ராஜாஜி, பூனாவில் பக்கத்தில் கையெழுத்திட்டவர். மசோதாவைத் திரும்பப் பெறும்படி அவர் கேட்டார், ராஜா மறுத்தார், காங்கிரஸ் உறுப்பினர்களின் வாக்கால் மசோதா வீழ்ந்தது. புதுப்பாளையம் ஆசிரமத்தில் தலித் பிள்ளைகளைச் சேர்த்து உட்கார வைத்தவரும் அதே ராஜாஜிதான். பாலூவுக்கு உரிய பெருமையை மேடையில் சொல்லிவிட்டுப் பதவியில் அமர்ந்த எம். டி. பாயை நாம் ஏன் குறித்துக்கொள்ளச் சொன்னோம் என்பது இப்போது புரியும்.

நினைவுக்கு வருவோம். ரஞ்சி இந்தியாவுக்கு ஆடாத அரசர். அவர் பெயரில் கோப்பை உண்டு. துலீப் பெயரில் உண்டு. தேவ்தர் பெயரில் உண்டு. பாலூ பெயரில் நாட்டின் பெரிய கோப்பை எதுவும் இல்லை. 2001ல் வந்த 'லகான்' படத்தில் கச்ரா என்ற தலித் சுழல் வீச்சாளரைப் பார்த்தவர்கள் பாலூவை நினைத்தார்கள். படத்தில் கச்ராவின் கை ஊனம். ஊனத்தால் பந்து திரும்புகிறது. பாலூவின் பந்து அப்படித் திரும்பவில்லை. மாதம் 4 ரூபாய்க்கு உருளை உருட்டிய பிறகு, வெயிலில் நின்று ஆயிரக்கணக்கான தடவை வீசிக் கற்ற வித்தை அது. அதைப் பிறவிக் கோளாறாக்கியது படம் எடுத்தவர்களின் வசதி.

1955 ஜூலை 4ல் பாலூ காலமானார். அடுத்த ஆண்டு அக்டோபரில் அம்பேத்கர் நாக்பூரில் பௌத்தம் தழுவினார். தம்பி விட்டல் 1948ல் மராத்தியில் தன் விளையாட்டு வாழ்க்கையை எழுதி வெளியிட்டார். அண்ணனைப் பற்றி இன்று பேசப்படுவதில் பெரும்பகுதி அந்த நூலிலிருந்தும், 2002ல் ராமச்சந்திர குஹா ஆங்கிலத்தில் எழுதிய கிரிக்கெட் வரலாற்றிலிருந்தும் வருகிறது. குஹாவின் நூலைக் கல்லூரி நூலகத்தில் கேட்டுப் பாருங்கள். இல்லையென்றால் வாங்கச் சொல்லி எழுதிக் கொடுங்கள்.